நடுகல்லும் கணினியும்

திருவண்ணாமலைக்கு வருவோர் கண்கள் 217 அடி உயர்ந்து 11 நிலைகளோடு நிற்கும் கீழைக் கோபுரத்தை நோக்கி உயர்கின்றன. உயரட்டும்! ஆயின், அம் மாவட்டத்தின் மேற்கே, செங்கம் பகுதி வயல்வரப்புகளில் நிற்கும் நடுகற்களை நோக்கித் தாழும் கண்கள் எத்துணை?

மலைபடுகடாத்தின் பாட்டுடைத் தலைவனாகிய நன்னன் ஆண்ட நிலம் அது. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துரைக்கின்றது. அப் பகுதிக் கற்களைத் தொகுத்துத் தமிழ்நாட்டு அரசின் தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்றே போதும். பல்லவன் மகேந்திரவருமனின் 34-ஆம் ஆட்சியாண்டில், தன் எருமைகளைக் காக்கும் போரில் வீழ்ந்த மறவனுக்கு எழுந்த கல் அது. கள்வனைக் கடித்துக் காத்து நின்ற 'கோவிவன்' என்னும் நாயும் அதிற் பெயர் பெற்றது. வேந்தனின் வடமொழிப் பெயரையே 'மயிந்திர பருமன்' எனத் தமிழ் ஒலிக்கு அடக்கி வட்டெழுத்தில் வெட்டிய கல்லும் அதுவே. அன்று ஓர் ஊர்க் கல்லுக்கு இருந்த மொழியுணர்வு, இன்று கற்றோர்க்கு இல்லையே!

இத்தகு செல்வம் அருகிருக்க, ஓவிய வகுப்பில் நம் பிள்ளைகள் பூச்சாடியையும் மாம்பழத்தையும் பார்த்தெழுதுகின்றனர். கணினி வந்தபின், கையால் வரைவது எதற்கு என்பார் ஒருசாரார். கணினி கைத்திறனைக் கொன்றுவிடும் என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் பிழையே. கைக்குரியது ஒன்று, கருவிக்குரியது மற்றொன்று. இரண்டையும் முறைப்படி இணைப்பதே அறிவு.

முதலில் மாணவன் கல்லின்முன் அமர்ந்து கரிக்கோலால் வரையட்டும். வில்லின் வளைவும் காலின் வீச்சும் கைவழியே நெஞ்சிற் பதியும். அடுத்து மைப்படி எடுக்கும் முறையைக் கற்கட்டும். நனைத்த தாளைக் கல்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டிப் பள்ளங்களிற் படியச் செய்து, மையொற்றினால் எழுத்து வெள்ளையாய் எழும். இதனைப் பள்ளி முற்றத்துப் பலகைக்கல்லிற் பழகுதல் வேண்டும். தொல்லியல் துறையின் இசைவின்றிப் பழங்கல்லைத் தொடலாகாது.

அதன் பின்னரே கருவி வருக! சாய்ந்த ஒளியில், பல கோணங்களில் எடுத்த ஒளிப்படங்களைக் கணினி ஒன்றிணைத்து, நீளமும் அகலமும் ஆழமும் கொண்ட உருவமாக்கிக் காட்டும். அதனைத் திரையில் திருப்பி, ஒளியை மாற்றி நோக்கினால், தேய்ந்த கோடும் தெளிவுறும். கல்லைத் தீண்டாமலே அதன் படியைக் காக்கலாம். ஆயினும், எது வில், எது கீறல் எனப் பிரித்தறிவது வரைந்து பழகிய கண்ணே அன்றிக் கருவியன்று. ஆதலின் கை முன்னும் கணினி பின்னும் வருதலே முறை.

2012-இல் தமிழ்நாட்டு அரசு 16,549 பகுதிநேர ஆசிரியரை மாதம் 5,000 உருபாவுக்கு அமர்த்தியபோது, ஓவியமும் கணினியும் ஒருசேரக் கிழமைக்கு மூன்று அரைநாள் கல்வியாயின. பின்னர் ஊதியம் உயர்த்தப்பட்டது. ஆனால், அரைநாளில் முழுக்கலை வளருமோ? ஓரத்தில் ஒருங்கே நிறுத்தப்பட்ட அவ்விருவரும் ஒரு நடுகல்லின்முன் ஒருங்கே நின்று கற்பிக்கட்டும். அதற்குரிய முழு நேரத்தையும் மதிப்பையும் அரசு வழங்கட்டும்.

தமிழரே! ஒரு நாயின் காவலையும் மறவாது கல்லிற் பொறித்த இனம் நம் இனம். அக் கல்லைக் காக்கும் கையையும் கண்ணையும் நம் பிள்ளைகட்குத் தாராது போவோமாயின், நம்மினும் அந் நாயே நன்றியுடைத்து!