பால்மறந்த பன்றிக் குட்டிகளும் விடுதி எச்சமும்

புதுச்சேரிப் பட்டணத்தில் உணவு விடுதிகள் மிகுதி. அவற்றில் நாள்தோறும் மிஞ்சும் சோறும், குழம்பும், காய்கறிக் கழிவும் சுற்றுப்புறத்துப் பன்றி வளர்ப்போருக்குச் சொற்பச் செலவில் கிட்டுகின்றன. வளர்ந்த பன்றிகளுக்கு இவை உதவுமென்பதில் ஐயமில்லை. ஆனால் பால்மறந்த குட்டிகளுக்கும் இவற்றையே முழுத்தீனியாக இடுவது சிக்கனமன்று, நஷ்டமேயாம்.

இவ்வெச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீரே. ஐம்பத்தாறு நாளில் தாயைப் பிரியும் குட்டி சுமார் 10 கிலோ எடையுள்ளது. அதன் சிறு வயிறு நீரால் நிறையுமேயன்றி, சதை வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் போதிய அளவு கிட்டாது. பாலுக்குப் பழகிய குடலில் புளித்த சோறு திடீரெனச் சேருமாயின் கழிச்சலும் காணும்.

பின்னர் கொழுக்க வைத்துக்கொள்ளலாமெனச் சிலர் கருதுவர். அது தவறு. இளங்குட்டி ஒரு கிலோ எடை கூடுவதற்கு இரண்டு அல்லது இரண்டரைக் கிலோ கலப்புத் தீனி போதும். முதிர்ந்த பன்றிக்கோ மூன்றரைக் கிலோவுக்கு மேலும் தேவைப்படும். ஆகையால் தீனிக்கு இடும் பணம் மிகுந்த பலன் தருவது இளமையிலேதான்.

நூறு கிலோ தீனிக்கு மக்காச்சோளம் 60, கடலைப் பிண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 10, உப்பில்லா மீன் தூள் 8, தாது உப்புக் கலவை ஒன்றரை, சமையல் உப்பு அரைக் கிலோ சேர்க்கலாம். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு நஞ்சாகும், அதனை விலக்குக. குட்டிகள் தாயுடன் இருக்கையிலேயே, இரண்டாம் வாரமுதல், இக்கலவையைச் சிறிது சிறிதாகப் பழக்குதல் நலம். பிரித்தபின் இரண்டு வாரம் அதனையே மூன்று நான்கு வேளையாகப் பகிர்ந்திடுக. தூய நீர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். பிரிக்குங்கால் தாயை அகற்றிக் குட்டிகளைப் பழகிய கொட்டிலிலேயே விடுவது உத்தமம். குடற்புழு நீக்கமும் அவசியம்.

கலப்புத் தீனியின் விலை அதிகமென்பது மெய்யே. எனினும் சிறு குட்டி தின்பது நாளொன்றுக்கு அரைக் கிலோ அளவே. எடை 25 கிலோவை எட்டியபின், விடுதி எச்சத்தைப் படிப்படியாகச் சேர்த்துச் செலவைக் குறைக்கலாம்.

அவ்வெச்சத்தையும் ஒரு மணி நேரம் கிளறிக் கொதிக்கவைத்தே இடுதல் வேண்டும். 2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முதலாக, அஸ்ஸாம், அருணாசலப் பிரதேசங்களில் காணப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேகாத இறைச்சிக் கழிவாலும் பரவும். அது மனிதரைத் தாக்காது. ஆனால் பன்றிகளுக்குச் சிகிச்சையில்லை. கொம்யூன் உத்தியோகஸ்தர்கள் கொதிக்கவையாத எச்சத்தை இடுவதையும், பன்றிகளைத் தெருவில் திரியவிடுவதையும் கண்டித்துத் தடுப்பது கடமையாகும்.

ஐயமுள்ளோர் குரும்பாபேட்டிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். பால்மறந்தபின் வரும் இரண்டு மாதங்களில் கைச்சுருக்கம் காட்டுவோர் சந்தையில் எடைக்குறைவால் அதனினும் அதிகம் இழப்பர்.