கமெரா தூக்கியவன் எழுத்தாளன் இல்லையா?

மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்காக நின்றபோது, கூட வந்த இலக்கிய நண்பர் நம் இளைஞன் ஒருவனைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். "நல்லாச் சிறுகதை எழுதின பொடியன். இப்ப கமெராவத் தூக்கிக்கொண்டு ஊரூராத் திரியிறான். ஒண்டிலயும் நிலைக்க மாட்டான்." அப்போது பஸ் வந்துவிட்டது. பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஏ.கே. செட்டியாரும் ஒன்றில் நிலைக்காதவர்தான். 1911இல் கோட்டையூரில் பிறந்தவர். கதை எழுதினார். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். டோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். உலகம் சுற்றிப் பயண நூல்கள் எழுதினார். 1937இல், 25 வயதில், கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க எண்ணினார். பல நாடுகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி அலைந்து, சுமார் 50,000 அடி திரட்டி, 1940இல் படத்தை வெளியிட்டார். பிறகு 'குமரி மலர்' இதழைத் தொடங்கிப் பழைய எழுத்துக்களைத் தேடித்தேடி அச்சிட்டார். பிறர் எழுதிய பயணக் கட்டுரைகளையும் தொகுத்தார்.

இவற்றைப் பல தொழில் என்பவர்கள் மேலோட்டமாகப் பார்க்கிறார்கள். செட்டியார் செய்தது ஒரே வேலை: அழியப்போவதை அழியுமுன் சேர்த்தல். அப்படியிருந்தும் அவரது தமிழ்ப் படத்தின் முழுப் பிரதி இன்று கிடைக்கவில்லை. அமெரிக்காவில் தயாரான சுருக்கமான ஆங்கில வடிவமே பின்னாளில் கண்டெடுக்கப்பட்டது. தேடித் திரிந்தவர் சேர்த்ததற்கே இந்தக் கதி. தேடாதவர்களான நமக்கு என்ன மிஞ்சும்?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை, சுமார் 75,000 பேரை, வெளியேற்றினார்கள். அவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. தண்ணீரூற்றை விட்டு வந்த கதையை உம்மா பல இரவுகள் சொன்னார். நான் அதைக் கவிதையாக்கினேன், பாராட்டும் கிடைத்தது. கவிதையில் ஒரு கிணறு இருக்கிறது. அது யார் வளவுக் கிணறு, வழியில் தண்ணீர் தந்த தமிழ்க் குடும்பம் எது, உம்மா சாவியை யாரிடம் கொடுத்தார் என்பது அதில் இல்லை. இனிக் கேட்க உம்மாவும் இல்லை.

யார் சொன்னது, யாரிடம் கேட்டது என்று அறிவிப்பாளர் வரிசை பார்த்தே ஹதீஸை ஏற்ற சமூகம் நாம். நம் சொந்த இடப்பெயர்வுக்கு மட்டும் ஏன் உவமையும் படிமமும் போதும் என்று விட்டோம்? ஒருசில முயற்சிகள் நடந்தன, மறுக்கவில்லை. ஆனால் நமது இலக்கியக் கூட்டங்களில் அவற்றுக்கு மேடை கிடைத்ததா? ஒருவருக்கொருவர் அணிந்துரை எழுதவே நமக்கு நேரம் சரியாகிவிட்டது.

அன்று 40 வயதில் நடந்து வந்தவர்கள் இன்று 75ஐத் தாண்டிவிட்டார்கள். அந்தப் பொடியன் அவர்களைத் தேடித்தான் புத்தளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் அலைகிறான். அவனைத் திரும்பிக் கதை எழுதச் சொல்லாதீர்கள். அவனுடைய பஸ் செலவுக்கு என்ன வழி என்று பேசுங்கள். உங்கள் வீட்டு வாப்பாவையும் உம்மாவையும் அவன் முன்னால் உட்கார வையுங்கள், இந்த மாதமே.