வாரியத்தில் அமரும் தகுதி

வேலூர் லாங் பஜாரின் மாலை நெருக்கடியை அறியாதார் இவ்வட்டாரத்தில் இலர். பருப்பு மூட்டையும் மிளகாய் மூட்டையும் இறங்கிக் கொண்டிருக்கும் அத்தெருவில், பல்லாண்டுகளுக்கு முன், கல்லூரி மாணவர் நால்வர் கையில் ஒரு ரசீதுப் புத்தகத்துடன் கடை கடையாக ஏறி இறங்கினர். மாலை வேளைகளில் பந்து உதைத்துப் பழகிய ஒரு சிறு கால்பந்துக் குழுவுக்கு நன்கொடை திரட்டுவதே அவர்தம் நோக்கம். அந்நால்வருள் நாமும் ஒருவராக இருந்தோம். குழுவின் பொருளாளர் பொறுப்பும் நம்மிடமே இருந்தது.

முதல் ஆண்டு, கேட்ட கடையினர் பெரும்பாலும் கொடுத்தனர். இரண்டாம் ஆண்டு, மளிகைக் கடைப் பெரியவர் ஒருவர் கல்லாப்பெட்டியைத் திறக்குமுன் நம்மை நிமிர்ந்து பார்த்தார். "போன வருஷம் வாங்கிட்டுப் போனீங்களே தம்பி, அந்தக் கணக்கைக் காட்டுங்க. இந்த வருஷமும் தர்றேன்" என்றார். நம்மிடம் கணக்கு இல்லை. பணம் களவு போகவில்லை. பந்துக்கும், காலுறைக்கும், வெளியூர் ஆட்டத்திற்குச் சென்ற பேருந்துக் கட்டணத்துக்கும், தேநீருக்கும் செலவாயிற்று. ஆனால் எதையும் எழுதி வைக்கவில்லை. "விளையாட்டு மேல உள்ள ஆசையில அலையறோம் பாய்" என்றோம். "ஆசை இருக்கட்டும் தம்பி, கணக்கு எங்கே?" என்று அவர் மீண்டும் கேட்டார். வெறுங்கையுடன் படியிறங்கினோம். அக்குழு அவ்வாண்டோடு கலைந்தது. அதற்குக் காரணம் பிறர் அல்லர், நாமே.

அப்பெரியவரின் கேள்வி ஒரு தெருவோடு முடிவதன்று. ஒரு கழகத்தின் மீது பேரன்பு உடையவர் என்பதே அதன் ஆட்சியில் அமரப் போதிய தகுதியாகுமா? ஆகாது என்பதே நம் கருத்து. அன்பு ஒருவரை வாயில் வரை கொண்டுவந்து சேர்க்கும். உள்ளே அமர்வதற்கு வேறு பண்புகள் வேண்டும். இதனைத் தெளிவாக உணர்த்துவது, மேலைநாட்டில் வளர்ந்துள்ள 'ஆதரவாளர் அறக்கட்டளை' என்னும் அமைப்பாகும்.

கால்பந்துக் கழகத்தின் ஆதரவாளர்கள் ஆளுக்கொரு சிறு தொகை செலுத்தி உறுப்பினராகி, ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்னும் கூட்டுறவு நெறியில் தம் நிருவாகக் குழுவைத் தேர்ந்தெடுத்து, அதன் வழியாகக் கழகத்தின் பங்குகளையோ ஆட்சிக் குழுவில் ஓர் இருக்கையையோ பெறுவது இம்முறை. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் டவுன் கழகம் கடனில் மூழ்கியபோது, 1992-இல் அதன் ஆதரவாளர்கள் இத்தகைய அறக்கட்டளையை நிறுவினர். அவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரையன் லோமாக்ஸ் கழகத்தின் இயக்குநர் அவையில் அமர்ந்தார். 2002-இல் விம்பிள்டன் கழகத்தை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்சுக்குப் பெயர்த்துச் செல்ல இசைவளிக்கப்பட்டபோது, ஆதரவாளர்கள் அவ்வாண்டே ஏ.எப்.சி. விம்பிள்டன் என்னும் புதுக் கழகத்தைத் தோற்றுவித்தனர். அடித்தட்டுப் போட்டிகளில் தொடங்கிய அக்கழகம் 2011-இல் இங்கிலாந்துக் கால்பந்தின் நான்காம் நிலைப் பிரிவை எட்டியது. 2020-இல் தன் பழைய பகுதியான பிளவ் லேனுக்கே திரும்பியது.

நம் நாட்டில் அன்புக்குக் குறைவில்லை. 1891-இல் தோன்றிய கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அப்பட்டத்தை முதன்முதலில் வென்ற இந்திய அணியும் அதுவே. அவ்வெற்றி நாடெங்கும் உண்டாக்கிய பூரிப்பைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆயினும் கழகம் யாருடையது என்னும் கேள்வி எழும்போதெல்லாம் ஆதரவாளர்க்குத் தெருவைத் தவிர வேறிடம் இருப்பதில்லை. 2020-இல் மோகன் பகானின் பெயருக்கு முன் 'ஏ.டி.கே.' என்னும் எழுத்துகள் ஒட்டப்பட்டன. அவை 2023-இல் நீங்கும்வரை ஆதரவாளர் முழக்கம் ஓயவில்லை. 2021-இல் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கும் முதலீட்டாளர்க்கும் இடையே ஒப்பந்தப் பிணக்கு மூண்டபோது, தெருவில் திரண்ட ஆதரவாளர் மீது தடியடி நடந்தது. கேரளத்தில் மஞ்ஞப்படை போன்ற பெரும் ஆதரவாளர் குழுக்கள் வளர்ந்துள்ளன; 2025-இல் கேரளா பிளாஸ்டர்ஸ் கழகம் ரசிகர் ஆலோசனை வாரியம் ஒன்றை அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. இருக்கைகள் இனி மெல்ல வரக்கூடும். வரும்போது அவற்றில் அமரத்தக்கார் யார் என்பதை இன்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

ஈண்டு 'வாரியம்' என்னும் சொல்லே நமக்கு வழிகாட்டுகிறது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலை வழியாக உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. பிந்திய கல்வெட்டின்படி அகவை முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குள்ளும் இருத்தல் வேண்டும். நேரிய வழியில் ஈட்டிய பொருளும் தூய உள்ளமும் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவராக இருத்தலாகாது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலையில் பெயர் எழுதவும் தகுதியற்றவராயினர். நிலமும் வேதக் கல்வியும் உடையார்க்கே உரியதாக இருந்த அம்முறையை அப்படியே போற்ற வேண்டுவதில்லை. அதன் கதவு பெரும்பாலோர்க்கு அடைத்தே கிடந்தது. ஆனால் அன்பையோ ஆர்வத்தையோ தகுதியாகக் கேளாமல், கணக்கைக் கேட்டதே அச்சபையின் கூர்மை. லாங் பஜார்ப் பெரியவர் கேட்டதும் அதுவேயன்றோ?

இவற்றை உளங்கொண்டு, ஆதரவாளர் வாரியத்தில் அமர்வார்க்கு வேண்டிய பண்புகளாக ஐந்தினைக் கூறுவோம்.

முதலாவது, கணக்கறிவும் கணக்குக் காட்டும் மனமும். பட்டயக் கணக்கராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. வரவு எது, கடன் எது, இவ்வாண்டு வரும் நுழைவுச்சீட்டுப் பணம் அடுத்த ஆண்டு ஊதியத்துக்குப் போதுமா என வெட்கப்படாமல் கேட்டறியும் துணிவு வேண்டும். புரியாத தாளில் கையொப்பமிடுவது பணிவன்று. அது பொறுப்பைக் கைகழுவுவது.

இரண்டாவது, தன்னலத்தை முன்கூட்டியே வெளிப்படுத்தும் நேர்மை. கழகத்துக்குச் சட்டை தைத்துத் தருபவரும், அரங்கில் கடை வைத்திருப்பவரும் ஆதரவாளராக இருக்கலாம், வாரியத்திலும் அமரலாம். தம் தொழிலைப் பற்றிய பேச்சு வரும்போது எழுந்து வெளியே செல்லும் பழக்கம் அவர்க்கு வேண்டும். இதனை நம் வட்டாரத்தார்க்கு விளக்கவே வேண்டுவதில்லை. பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவுநீர் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பு வழங்கிய காலந்தொட்டு, ஆலைகள் கூடி நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நமக்குப் பழகியவை. அத்தகைய நிலையத்தின் நிருவாகத்தில் அமர்பவர் கழிவுநீரை அனுப்பும் ஆலையின் உரிமையாளராகவும் இருப்பார். எந்த நேரத்தில் தாம் ஆலைக்காரர், எந்த நேரத்தில் ஆற்றின் காவலர் என்பதை அவர் தம் உள்ளத்தே பிரித்தறிதல் வேண்டும்.

மூன்றாவது, நாவடக்கம். எந்த ஆட்டக்காரரை வாங்கப் பேசுகின்றனர், எவ்வளவு விலைக்கு என்பன தேநீர்க் கடையில் சொல்லத்தக்கவை அல்ல. ஆனால் நாவடக்கம் வேறு, மறைத்தல் வேறு. உறுப்பினரின் உரிமையைத் தொடும் செய்தியை அவர்களிடமிருந்து ஒளித்தல் வஞ்சகமாகும். வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி சிட்டி கழகத்தில் ஆதரவாளர் அறக்கட்டளைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உரிமை இருந்தது. 2016-இல் பிற பங்குதாரர்கள் பெரும்பங்கை விற்றபோது தம்மை முறையாகக் கலக்கவில்லை என அறக்கட்டளை முறையிட்டது. 2022-இல்தான் அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. மேசையில் ஓர் இருக்கை இருந்தும், பேச்சு வேறோர் அறையில் நடக்கக்கூடும். அதனை உரிய காலத்தில் உணர்ந்து கேட்கும் விழிப்பும் நாவடக்கத்தோடு சேர்ந்திருத்தல் வேண்டும்.

நான்காவது, தம்மைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தாரிடமே 'இயலாது' என்று கூறும் உறுதி. ஓர் ஆட்டம் தோற்றால் பயிற்சியாளரை நீக்கு என்பர். ஓர் ஆட்டம் வென்றால் பெரிய ஆட்டக்காரரை வாங்கு என்பர். 2003-இல் எக்ஸிட்டர் சிட்டி கழகம் ஆதரவாளர் கைக்கு வந்தபோது கடன் சுமை அழுத்திக் கொண்டிருந்தது. 2005 சனவரியில் எப்.ஏ. கோப்பைப் போட்டியில் மான்செஸ்டர் யுனைடெட் அணியை அதன் சொந்த அரங்கிலேயே கோலின்றிச் சமன் செய்தது எக்ஸிட்டர். அவ்வாட்டமும் மறு ஆட்டமும் ஈட்டித் தந்த வருவாய் பழங்கடனைத் தீர்க்க உதவியது. கைக்கு வந்த பணத்தைக் கனவுக்குச் செலவிடாமல் கடனுக்குச் செலுத்துவோரை எவரும் தோளில் தூக்கிக் கொண்டாடுவதில்லை. அதனைத் தாங்கும் நெஞ்சு வேண்டும். கூட்டத்தின் உரத்த குரலுக்கு நடுவே, அரங்கின் பின் வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவர், மாற்றுத்திறனாளி, பெண்கள் ஆகியோரின் தாழ்ந்த குரலைக் கேட்கும் செவியும் இதனுள் அடங்கும்.

ஐந்தாவது, விலகத் தெரிதல். உத்திரமேரூரார் மூன்றாண்டு இடைவெளி விதித்தது வீணன்று. ஒரே நாற்காலியில் நெடிது அமர்ந்தால், கழகம் வேறு தாம் வேறு என்பது மறந்துபோகும். 2013-இல் போர்ட்ஸ்மத் கழகத்தை அழிவிலிருந்து மீட்டவர்கள் அதன் ஆதரவாளர்கள். 2017-இல் அமெரிக்கச் செல்வர் ஒருவர் வாங்க முன்வந்தபோது, அதனை உரிமையாளரான ஆதரவாளரின் வாக்குக்கே விட்டனர். பெரும்பான்மையோர் இசைந்தனர், கழகம் கைமாறியது. அம்முடிவு சரியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். முடிவெடுக்கும் உரிமை தம்முடையதன்று என அறிந்து அதனை உரியவரிடம் விட்டதே ஈண்டு நாம் கருதத்தக்கது.

இவ்வளவு பண்புகளையும் ஒருவரிடம் தேடினால் வாரியத்துக்கு எவரும் அகப்படார் என்பாரும் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஐந்தும் நிரம்பியவர் அரியர். ஆனால் ஒரு வாரியத்தில் பலர் அமர்கின்றனர். ஒருவரின் குறையை மற்றவர் நிரப்பலாம். முதற்பண்பு ஒன்று மட்டும் அங்ஙனம் பிறரிடம் விடத்தக்கதன்று. கணக்குக் காட்டும் மனம் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும்.

இம்மனம் நாற்பது அகவையில் திடீரெனத் தோன்றுவதன்று. மாணவப் பருவத்திலேயே பழகி வருவது. ஆகவே நாம் ஒன்று வேண்டுகிறோம். நம் கல்லூரியின் தமிழ் மன்றமாயினும் கால்பந்து அணியாயினும், ஆண்டிறுதியில் வரவு செலவை மாணவச் செயலரே தம் கையால் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். பத்து ரூபாய் இடித்தால் அதனையும் எழுதட்டும். ஆசிரியர் திருத்தித் தர வேண்டா. கேட்பவர்க்கு அவர்களே விடை கூறட்டும். தோல் வணிகரும் சிறு கடைக்காரரும் கொடுத்த கொடையால் வளர்ந்த கல்வி நிலையங்கள் நிறைந்தது இவ்வட்டாரம். வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919-இலேயே தோன்றியது. கொடுத்தவர் கேட்குமுன் கணக்குக் காட்டுதலே அக்கொடைக்கு நாம் செய்யும் நன்றி.

மாணவ மணிகளே! நாளை நீங்கள் ஒரு கழகத்தின் வாரியத்திலோ, ஊரின் பொதுப் பணியிலோ அமரக்கூடும். லாங் பஜாரில் அன்று நாம் இறங்கி வந்த படியில், கையில் ஒரு கணக்கு நோட்டுடன் நீங்கள் ஏறிச் செல்லுங்கள்.