அம்மம்மாவுக்கு சின் இலக்கம் இல்லை

தோழர்களே,

பிள்ளை பராமரிப்புச் செலவுக்கு வரிச்சலுகையைக் கூட்டச் சொல்லி ஒரு மனு எங்கட வட்டத்துக்குள்ள சுத்துது. நல்ல மனசோட எழுதினதுதான். ஆனா நான் கையெழுத்து வைக்கேல்லை. ஏன் எண்டு இரண்டு பேர் கேட்டவை. மறுமொழி கொஞ்சம் நீளம் எண்டபடியால் எல்லாருக்குமாக எழுதிறன்.

முதல்ல காசுக் கணக்கு. கனடாவில 1972 இல இருந்து பிள்ளை பராமரிப்புச் செலவை வருமானத்தில கழிக்கலாம். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு வருஷம் 8,000 டொலர் வரை, அதுக்கு மேல 16 வயது வரைக்கும் 5,000. இது கழிவு, கையில தாற காசில்லை. ஆர் கூட வரி கட்டுகினமோ அவைக்குத்தான் கூட லாபம். 2024 வீதப்படி ஒன்ராறியோவில இரண்டு பேருமே ஆகக் கூடின வரி வீதத்தில நிக்கிற டொக்டர் தம்பதிக்கு அந்த 8,000 டொலர் கழிவால 4,282 டொலர் மிச்சம். ஆகக் குறைஞ்ச வீதத்தில நிக்கிற தாய்க்கு ஏறத்தாழ 1,600. வரி கட்டிற அளவுக்கே உழைக்காதவளுக்குப் பூச்சியம். (வருமானம் குறைச்சுக் காட்டினால் பிள்ளைக் கொடுப்பனவு கூடுமே எண்டு கேப்பியள். கூடும்தான். ஆனா குடும்ப வருமானம் ஏறத்தாழ 37,000 க்குக் கீழ எண்டால் கொடுப்பனவு ஏற்கனவே முழுசா வருது.)

2019 இல ஒன்ராறியோ கொண்டுவந்த சலுகை இதைவிடத் திறம் எண்டு ஒத்துக்கொள்ளுறன். வரி கட்டாத ஆளுக்கும் அது காசாக் கிடைக்கும். குடும்ப வருமானம் 20,000 க்குள்ள எண்டால் செலவில 75 வீதம், ஒரு சின்னப் பிள்ளைக்கு 6,000 டொலர் வரைக்கும். ஆனா 75 வீதத்தைத் திருப்பித் தருவம் எண்டால், 100 வீதத்தையும் முதல் நீ கட்டு எண்டுதான் அர்த்தம். ஜனவரியில கட்டின காசு அடுத்த வருஷ வசந்தத்தில வரும். வாடகைக்கே இழுபறிப்படுற வீட்டுக்கு அதுவரைக்கும் ஆர் கடன் குடுக்கிறது?

இனி மனுவில இல்லாத ஆளைப் பற்றிச் சொல்லவேணும். மார்ச் மாசங்களில நான் ஸ்காபரோவில இலவசமா வரி நிரப்பிக் குடுக்கிற தொண்டர் மேசையில இருக்கிறனான். பிள்ளையை ஆர் பார்க்கினம் எண்டு கேட்டால் திரும்பத் திரும்ப வாற மறுமொழி: “அம்மா வந்து நிக்கிறா.”

அம்மா எப்பிடி வந்தவ? சூப்பர் விசாவில. 2011 கடைசியில தொடங்கின விசா. 2022 இல இருந்து ஒரு தரம் வந்தால் ஐஞ்சு வருஷம் வரைக்கும் நிக்கலாம். ஆனா சட்டப்படி அவ ஒரு விருந்தாளி. வேலை செய்யக்கூடாது. ஹெல்த் காட் கிடையாது. குறைஞ்சது ஒரு லட்சம் டொலருக்கு மருத்துவக் காப்புறுதியை மகளோ மருமகனோ தங்கட காசில எடுக்கவேணும். மகள் விடிய ஐஞ்சு மணிக்கு வேர்ஹவுஸ் ஷிவ்ற்றுக்கு வெளிக்கிட, இவ எழும்பிப் பால் காய்ச்சிறா, பம்பர்ஸ் மாத்திறா, பனிக்குள்ள வழுக்கி வழுக்கி மூத்ததைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போறா. சொந்தக்காரருக்குக் குடுக்கிற காசையும் வரியில கழிக்கலாம் எண்டு சட்டத்தில இருக்கு. ஆனா வாங்கிறவ சின் இலக்கம் போட்டுப் பற்றுச்சீட்டு தரவேணும். அம்மம்மாவுக்கு சின் இலக்கம் எங்கால?

இதை நாங்கள் பாசம் எண்டு சொல்லுறம். பாசம்தான். வேலையும்தான். வவுனியாவில வீட்டைப் பூட்டிப்போட்டு வந்த மனுசியின்ர சம்பளமில்லாத உழைப்பில இந்த நாட்டின்ர குறைஞ்ச சம்பள வேலைகள் ஓடுது. அவவை நிரந்தரமாக் கூப்பிட வழி? 2020 இல பெயர் பதிஞ்சவையின்ர பட்டியலைத்தான் வருஷக்கணக்காக் குலுக்கிக்கொண்டு இருந்தவை.

“சலுகையையும் கேப்பம், மற்றதையும் கேப்பம்” எண்டு ஒரு தோழி சொன்னா. அரசாங்கங்கள் அப்பிடிக் குடுக்கிறேல்லை. தேசிய அளவில டேகெயார் திட்டம் வேணும் எண்டு பெண்கள் நிலை பற்றிய அரச ஆணைக்குழு 1970 இலயே சொல்லிப்போட்டுது. கடைசியில மாகாணங்களோட ஒப்பந்தங்கள் வர, 2006 இல ஹார்ப்பர் அதுகளைக் கிழிச்சுப்போட்டு ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு மாசம் 100 டொலரைக் கையில வைச்சார். பெற்றோருக்குத் தெரிவுச் சுதந்திரமாம்! அந்த நூறு டொலரால ஒரு டேகெயார் அறையும் கட்டுப்படேல்லை. கியூபெக் 1997 இல வேற வழியில போனது. இடத்துக்கே அரசு காசு போட்டு, பெற்றோரிட்ட நாளுக்கு 5 டொலர் மட்டும் வாங்கினது. மற்ற மாகாணங்கள் அந்த வழிக்கு வர 2021 ஆச்சு.

இப்ப ஒன்ராறியோவில திட்டத்தில சேர்ந்த நிலையங்களில நாளுக்கு 22 டொலர்தான் உச்சம். பெரிய வெற்றி, போராடி எடுத்தது. ஆனா இடம் கிடைச்சால்தானே? பின்னேரம் ஆறு மணியோட பூட்டிற நிலையம் இரவு ஷிவ்ற்காரிக்கு எதுக்கு? கட்டடம் இருந்தாலும் ஆக்கள் காணாது. இரண்டு வருஷம் கல்லூரியில படிச்சுப் பதிவு செய்த ஆசிரியைக்கு இந்தத் திட்டத்தில 2024 இல வைச்ச அடிமட்டச் சம்பளம் மணிக்கு 23.86 டொலர். அந்த வேலையில நிக்கிறதும் கூடுதலாப் பெண்கள்தான், அதில கனபேர் குடிவந்தவை.

மனுவைத் திருப்பி எழுதுவம். அரச காசில கட்டின இடங்கள், ஷிவ்ற்றுக்கு ஏற்ற நேரம், அங்க வேலை செய்யிறவைக்குச் சம்பளம், அம்மம்மாமாருக்கு ஹெல்த் காட்டும் நிரந்தர வதிவிடமும். வரிச்சலுகைக்கு அதில ஒரு வரியும் வேண்டாம்.

அடுத்த கூட்டம் வியாழன் இரவு 7 மணிக்கு எண்டு போட்டிருக்கிறியள். பிள்ளைகளை ஆர் பார்க்கிறது எண்டு அறிவித்தலில ஒண்டும் இல்லை. அதை ஞாயிறு பகலுக்கு மாத்துங்கோ, பிள்ளைகளோட வரக்கூடிய இடமாப் பாருங்கோ. முதல் ஒரு மணித்தியாலம் ஆம்பிளைத் தோழர்கள் பிள்ளைகளைப் பார்க்கட்டும். வரைவை நான் எழுதிக் கொண்டு வாறன்.