தம்பிக்கு வந்த ஸ்போர்ட்ஸ் சீட்டை ஆஃபர் லெட்டர் மாதிரி படிங்க



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம்தான் ஆகியிருக்கும். ஆனா வீட்ல தம்பியோ தங்கையோ பிளஸ் டூ படிச்சா, காலேஜ் ஃபீஸ் பேச்சு நேரா உங்க சம்பளத்துக்கிட்டதான் வந்து நிக்கும். அந்தப் பிள்ளை கபடியோ வாலிபாலோ ஆடுறவங்களா இருந்தா இன்னொரு பேச்சும் சேர்ந்து வரும். "இன்ஸ்டால வீடியோ பார்த்துட்டு ஒரு கோச் மெசேஜ் பண்ணியிருக்காரு. ஃப்ரீ சீட் தர்றாங்களாம்."

எங்க ஊர் விருத்தாசலத்தில் இந்தப் பேச்சை இப்போ அடிக்கடி கேட்கிறேன். அப்பாவும் அம்மாவும் செராமிக் யூனிட்ல வேலை பார்க்கிற வீடுகள்ல, "ஃப்ரீ" என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: ஸ்போர்ட்ஸ் சீட் நல்ல விஷயம், விட்டுடாதீங்க. ஆனா அது பரிசு கிடையாது, ஒப்பந்தம். உங்க கம்பெனி ஆஃபர் லெட்டரை எப்படிப் படிச்சீங்களோ, அப்படித்தான் இதையும் படிக்கணும்.

கோச் உண்மையில் எதைப் பார்க்கிறார்?

முன்னாடியெல்லாம் மாவட்டப் போட்டி நடக்கும்போது காலேஜ் கோச் மைதானத்துக்கே வந்து பார்ப்பார். இப்போ முதல் பார்வை போன்ல நடக்குது. ஆனா ரீல்ஸ் லைக் எண்ணிக்கை அவருக்கு வேண்டாம். அவருக்குத் தேவை நாலு விஷயம்: எந்த மட்டத்தில் ஆடிய சான்றிதழ், பிறந்த தேதி, உயரம்-எடை, எடிட் பண்ணாத ஒரு முழு மேட்ச். தடகளம்னா வீடியோவே ரெண்டாம்பட்சம். அதிகாரப்பூர்வ ரிசல்ட்ல இருக்கிற நேரமும் தூரமும்தான் பேசும்.

இதுக்கு தேஜஸ்வின் சங்கரை விட நல்ல உதாரணம் இல்லை. டெல்லியில் வளர்ந்த தமிழ்ப் பையன். 2016 நவம்பரில் கோயம்புத்தூரில் நடந்த ஜூனியர் தேசியப் போட்டியில், 17 வயசில், 2.26 மீட்டர் உயரம் தாண்டி தேசிய சாதனை படைத்தார். அடுத்த வருஷமே அமெரிக்காவின் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்துவிட்டார். 2018-லும் 2022-லும் அங்கே என்.சி.ஏ.ஏ. சாம்பியன்; 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் வெண்கலம். நடுவில் கணக்கியலும் படித்து முடித்தார் என்பதில் எங்க தொழில்காரங்களுக்குத் தனி சந்தோஷம்! அவருக்குக் கதவைத் திறந்தது அந்த 2.26 என்ற எண். எந்த ஏஜென்ட்டின் பேக்கேஜும் அந்த எண்ணைத் தந்திருக்க முடியாது.

சிடிசி வேற, கைக்கு வர்றது வேற

"ஃப்ரீ சீட்"னு சொன்னா முதல் கேள்வி: எது ஃப்ரீ? டியூஷன் ஃபீஸ் மட்டுமா? ஹாஸ்டல், மெஸ், பரீட்சைக் கட்டணம், ஷூ, போட்டிக்குப் போற டிக்கெட், இதெல்லாம் யார் கணக்கு?

ஒரு உதாரணக் கணக்கு. டியூஷன் 80,000 ரூபாய் தள்ளுபடி. ஹாஸ்டல், மெஸ் 90,000. ஷூ, சத்தான சாப்பாடு, பயணம் 40,000. அப்போ வருஷத்துக்கு 1.3 லட்சம் நீங்க போடறீங்க. நாலு வருஷத்துக்கு 5.2 லட்சம். இதுக்குப் பேர் ஃப்ரீ இல்லை, டிஸ்கவுண்ட். அதே பிள்ளை நம்ம ஊர் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்து, வீட்லருந்தே போய்ட்டு வந்தா செலவு எவ்வளவு, பயிற்சி எவ்வளவு கிடைக்கும்னும் எழுதுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு முடிவு எடுங்க. சில பிள்ளைகளுக்கு 5.2 லட்சம் கொடுத்தாலும் அந்தப் பெரிய மைதானமும் நல்ல கோச்சும் சரியான முதலீடுதான். எனக்கு ஆட்சேபணை, கணக்குப் போடாம "ஃப்ரீ"னு நம்புறதில்தான்.

ரெண்டாவது கேள்வி: காயம் பட்டா? முட்டியில் ஆபரேஷன் ஆகி ஒரு சீசன் ஆட முடியலைன்னா சலுகை தொடருமா? பேப்பர்ல அரியர் விழுந்தா? டீமை விட்டு விலகினா பழைய ஃபீஸ் எல்லாம் திருப்பிக் கேட்பாங்களா? வாய் வார்த்தை வேண்டாம். காலேஜ் லெட்டர்ஹெட்ல, முதல்வர் கையெழுத்தோட வாங்குங்க. பீங்கான் பாத்திரத்தை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்போம் இல்லையா? விரிசல் இருந்தா சத்தமே காட்டிக்கொடுக்கும். "எழுதிக் கொடுங்க சார்"னு நீங்க கேட்கிறதும் அந்தத் தட்டுதான்.

மூணாவது: ஒரிஜினல் சான்றிதழ்களை ஒப்படைச்சுட்டு வராதீங்க. கல்வி நிறுவனங்கள் ஒரிஜினல்களைத் தன்வசம் வெச்சுக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018-லேயே அறிவிப்பு கொடுத்திருக்கு. சரிபார்த்ததும் திரும்ப வாங்கிக்கோங்க.

அரசு வழியை முதல்ல பாருங்க

தனியார் ஆஃபருக்கு மயங்கும் முன்னாடி, பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கீடு இருப்பதை மறக்காதீங்க. ஆன்லைன்ல விண்ணப்பம், சான்றிதழின் மதிப்பை வெச்சு தரவரிசை. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானவர்களுக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் வரை ஆதரவு. அதில் கைச்செலவுக்கு மட்டும் மாசம் 10,000. படிப்பு முடிஞ்ச பிறகும் பலன் நிக்குது: தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கு.

இது எல்லாத்துக்கும் அடிப்படை, அங்கீகாரம் பெற்ற போட்டியின் சான்றிதழ். அதனாலதான், பணம் கட்டினா வெளிநாடு கூட்டிட்டுப் போய் "இன்டர்நேஷனல்" மெடல் வாங்கித் தர்றோம்னு வர்ற தனியார் போட்டிகளைப் பார்த்தா எனக்கு ஆத்திரம் வருது. கலந்தாய்வில் அந்தப் பேப்பருக்கு மதிப்பெண் விழாது. அந்தக் காசுக்கு நல்ல ஷூவும் தினமும் முட்டையும் வாங்கிக் கொடுங்க.

அமெரிக்க ஆஃபர் வந்தா?

அங்கே கோச்சோட இமெயில் முகவரி பல்கலைக்கழக வெப்சைட்லயே இருக்கும். பல இடங்களில் வீரர்கள் தாங்களே நிரப்பும் படிவமும் இருக்கு. இலவசம். பிள்ளையே எழுதலாம்: பெயர், வகுப்பு, சாதனை எண்கள், வீடியோ லிங்க். பெரும்பாலான விளையாட்டுகளில் டிவிஷன் 1 கோச்கள், மாணவர் 10-ஆம் வகுப்பு முடித்த வருஷத்தின் ஜூன் 15-க்குப் பிறகுதான் தனிப்பட்ட முறையில் பதில் எழுதலாம். அதனால எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு "கோச் கன்ஃபர்ம் பண்ணிட்டார்"னு யாராவது சொன்னா சந்தேகப்படுங்க. 9 முதல் 12 வரை மார்க்கும் கணக்கில் வரும். மைதானத்துக்காகப் படிப்பை விட்டா ரெண்டும் போயிடும்.

"ஸ்காலர்ஷிப் தொகையில் 10 சதவீதம் கமிஷன்" கேட்கிற ஏஜென்ட்டா? உடனே போனை வெச்சுடுங்க. ஸ்காலர்ஷிப் மதிப்பை வெச்சுக் கமிஷன் வாங்குறது என்.சி.ஏ.ஏ. விதிக்கே எதிரானது, பிள்ளையின் தகுதியே கேள்விக்குள்ளாகும்.

அடுத்தது, டிவிஷன் 3 கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. மற்ற இடங்களிலும் முழுத் தொகை கிடைக்கிறது சிலருக்குத்தான். வருஷச் செலவு 50,000 டாலர், ஸ்காலர்ஷிப் 60 சதவீதம்னு வைங்க. மீதி 20,000 டாலர். டாலர் 90 ரூபாய்னு வெச்சா 18 லட்சம், நாலு வருஷத்துக்கு 72 லட்சம். சாப்பாடு, தங்குமிடத்துக்குக் கிடைக்கிற ஸ்காலர்ஷிப் பகுதிக்கு அங்கே வரியும் உண்டு.

அந்த மீதியை லோன்ல சமாளிக்கலாம்னு நினைக்கிற அண்ணன்களும் அக்காக்களும் இதைக் கவனிங்க. வருமான வரிச் சட்டத்தில் கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு இருக்கு. ஆனா அது உங்களுக்கு, கணவன்/மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, அல்லது நீங்க சட்டப்படி பாதுகாவலரா இருக்கிற மாணவருக்கு மட்டும்தான். தம்பி, தங்கைக்காக வாங்கின கடனுக்குக் கிடையாது. புது வரி முறையில் இருந்தா யாருக்காக வாங்கினாலும் கிடையாது. "டேக்ஸ் மிச்சமாகும்"னு நினைச்சுக் கையெழுத்துப் போடாதீங்க.

போன்ல செய்ய வேண்டியது

மெசேஜ் பண்ணினவர் உண்மையான கோச்தானான்னு காலேஜ் ஆபீஸ் நம்பருக்கு நீங்களே கூப்பிட்டு விசாரிங்க. "ட்ரையல்ஸ் ஃபீஸ்"னு தனிநபர் யுபிஐக்குப் பணம் போடாதீங்க. போட்டு ஏமாந்துட்டா உடனே 1930-க்கு அழைங்க. 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையோட கோச் தனியா சாட் பண்ண வேண்டிய அவசியமே இல்லை. உங்களையும் சேர்த்து ஒரு குரூப் போடச் சொல்லுங்க. நல்ல கோச் இதுக்குக் கோபப்பட மாட்டார். ஏதாவது தப்பா தெரிஞ்சா 1098.

கடைசியா ஒண்ணு. இந்தக் கணக்கையெல்லாம் தம்பிக்குத் தெரியாம நீங்க மட்டும் போடாதீங்க. அவனையும் பக்கத்துல உட்கார வெச்சு, ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுங்க. தன் உழைப்புக்கு என்ன விலை பேசுறாங்கன்னு 17 வயசிலேயே புரிஞ்சுக்கிட்ட பிள்ளையை, நாளைக்கு எந்த ஆஃபர் லெட்டரும் அவ்வளவு சுலபமா ஏமாத்த முடியாது.