நீர் வடிவதற்கும் விதி வேண்டும்

ஆனைமலைக் காடுகளில் மழை ஓய்ந்து ஓடைகள் மெல்ல இறங்கும் நாள்களில், பாறைகளின் மேல் செம்பச்சையாக ஒட்டிக் கிடப்பதைப் பாசி என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். அது பாசியல்ல, பூத்துக் காய்க்கும் செடி. போடோஸ்டெமேசி குடும்பத்தைச் சேர்ந்த இச்செடிகளுக்கு மண் தேவையில்லை. தாமே சுரக்கும் பசையால் வெறும் பாறையைப் பற்றிக்கொண்டு, மழைக்காலம் முழுவதும் பாயும் நீருக்கு அடியில் வளர்கின்றன. நீர்மட்டம் இறங்கி, வெயில் பட்டதும் பூக்கின்றன. பிறகு செடி காய்ந்துவிடும். கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறிய விதைகள் கோடை முழுவதும் பாறையிலேயே கிடந்து, அடுத்த பருவத்தின் முதல் ஈரத்தில் மேலுறை பசையாகிக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஜான் கிறிஸ்டோபர் வில்லிஸ், இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள இச்செடிகளைப் பற்றிய தமது விரிவான ஆய்வை 1902இல் வெளியிட்டார். அவர் பெயரைத் தாங்கிய வில்லிசியா பேரினத்தின் ஓர் இனம் ஆனைமலைக்கு உரியது. இக்குடும்பத்தின் பல இனங்கள் ஒரு சில ஆறுகளின் பாறைகளில் மட்டுமே வாழ்பவை. அந்தப் பாறைகள் போனால் இனமும் போயிற்று.

அணை கட்டினால் என்ன ஆகும்? மேலே தேங்கிய நீரில் பாறைகள் நிரந்தரமாக மூழ்கி, வண்டல் படிந்து, வெளிச்சமும் உயிர்வளியும் குறைந்து செடிகள் அழிகின்றன. இது எளிதில் புரிகிறது. அணைக்குக் கீழே நடப்பதுதான் யார் கண்ணிலும் படுவதில்லை. மின்தேவை ஏறும் மாலையில் நீரைத் திறந்து, இரவில் அடைத்தால், வாரக்கணக்கில் இறங்க வேண்டிய ஓடை ஒரே நாளில் ஏறி இறங்குகிறது. மொட்டு விடும் முன்பே செடி காய்கிறது. பூத்தது விதையாகும் முன்பே மீண்டும் மூழ்குகிறது. இந்தச் செடிகளுக்குள் ஒண்டி வளரும் நீர்ப்பூச்சிகளின் புழுக்களும், அவற்றைத் தின்னும் மீன்களும் சேர்ந்தே குறைகின்றன.

நம் சட்டங்களுக்கு இதைக் காணும் கண் இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 25 மெகாவாட்டுக்குக் குறைந்த நீர்மின் திட்டங்களிடம் முன் அனுமதி கேட்பதில்லை. வனநிலத்துக்கான அனுமதி தனி. ஆனால் அது மரங்களை எண்ணுகிறது, பாறைகளைப் பார்ப்பதில்லை. வெட்டிய மரத்துக்கு வேறிடத்தில் கன்று நடச் சொல்லலாம். இந்தச் செடிகளைப் பெயர்த்து வேறு ஓடையில் வளர்ப்பது நடக்காத காரியம். ஆய்வகத்தில் உயிரோடு வைத்திருப்பதே பெரும்பாடு.

கங்கையின் மேற்பகுதியில் சராசரி நீரோட்டத்தில் எத்தனை விழுக்காடு ஓடியே தீர வேண்டும் என்று பருவவாரியாக 2018 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளுக்கும் அப்படியொன்று வேண்டும். ஆனால் விழுக்காட்டுக் கணக்கு மட்டும் போதாது. எவ்வளவு நீர் என்பதோடு, அது எவ்வளவு மெதுவாக வடிய வேண்டும் என்பதையும் விதி சொல்ல வேண்டும். நாள் முழுவதற்கும் உரிய நீரை ஒரே மணி நேரத்தில் திறந்துவிட்டு விழுக்காட்டைக் காட்டுவது ஓடைக்கு உதவாது.

மின்சாரம் வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகும்போது நீரை மேலேற்றி மின்சாரத்தைச் சேமிக்கும் திட்டங்களின் தேவையும் கூடும். நீலகிரியின் குந்தாவில் நடப்பதுபோல் ஏற்கெனவே உள்ள நீர்த்தேக்கங்களை இணைக்கும் திட்டங்களை முதலில் எடுக்கலாம். அவற்றிலும் திறந்துவிடும் முறையைத் திருத்த வேண்டும். இதுவரை தடுக்கப்படாத காட்டோடைகளைத் தொடக்கூடாது என்பதே நம் நிலைப்பாடு. வனவிலங்குகளின் தாகத்துக்கென்று வனத்துறை கட்டும் தடுப்பணைகளுக்கும் இது பொருந்தும். நல்ல நோக்கத்தோடு கட்டினாலும் சுவர் சுவர்தான்.

25 மெகாவாட் விலக்கைக் காட்டோடைகளைப் பொறுத்தவரை மத்திய அரசு நீக்க வேண்டும். அதற்காகக் காத்திராமல் தமிழக அரசு ஒன்றைச் செய்யலாம்: எந்த ஓடையில் கட்டுமானம் திட்டமிட்டாலும், நீர் வடியும் வாரங்களில் தாவரவியலாளர்களை அனுப்பிப் பாறைகளைக் கணக்கெடுக்கச் செய்து, அந்த அறிக்கை கைக்கு வரும்வரை ஒப்பந்தப்புள்ளி கோராமல் இருக்கலாம். அடுத்த மழை ஓய்வதற்குள் இதற்கான அரசாணை வர வேண்டும்.