தேடுபொறியும் தமிழிலக்கணமும்

“ஐயா, நூலகத் தளத்தில் தேடிவிட்டேன்; நம்மூர்ச் செப்பேட்டைப் பற்றித் தமிழில் ஒன்றுமே இல்லை” என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சென்ற திங்களில் என்முன் வந்து நின்றாள். நம்மூர் என்றது கூரத்தை. பல்லவ வேந்தன் முதலாம் பரமேச்சுரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் அளித்த கொடையைச் சொல்லும் செப்பேடு கிடைத்த ஊர். 1890-இலேயே தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் உல்ட்சு என்னும் செருமானிய அறிஞர் அதனைப் பதிப்பித்துவிட்டார். அவ்வூர்ப் பிள்ளையிடம் ஒரு பொறி ‘இல்லை’ என்று சொல்வதா? எப்படித் தேடினாய் என்றேன். ‘எங்கள் ஊர் கூரத்தில் கிடைத்த பழைய செப்பேட்டின் வரலாறு என்ன’ என்று தட்டினாளாம்.

பிழை பொறியினுடையதன்று, அவளுடையதும் அன்று. இலக்கணத்தைத் தேர்வுக்கு மட்டும் ஓதுவித்த என் போன்றோர் பிழை.

தளங்களின் தேடற்பொறி பலவும் பொருளுணர்ந்து விடை கூறுவன அல்ல. எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பன. ‘எங்கள்’, ‘என்ன’ என்னும் சொற்களால் அதற்கு ஒரு பயனும் இல்லை. அவை கூடக்கூட விடை குறையும். கூரம், செப்பேடு என்னும் இரண்டு சொற்கள் போதும். அவற்றையும் எவ்வடிவில் இடுவது என்பதில்தான் இலக்கணம் வேலை செய்கிறது. மகர ஈற்றுப் பெயர் உருபேற்குங்கால் அத்துச்சாரியை பெறும். ஆகவே கூரம் என்று தேடினால் கூரத்தில், கூரத்து என எழுதிய பக்கங்கள் அகப்படா. சொல்லின் பகுதியையும் ஏற்கும் பொறியாயின் ‘கூரத்’ என்று நிறுத்துக. பேராசையால் ‘கூர’ என்று குறைத்தாலோ, வீட்டுக் கூரையும் கத்தியின் கூர்மையும் கூட்டமாய் வந்து சேரும்! கணினியின் ஒருங்குறியில் அகரமேறிய உயிர்மெய்யே அடியெழுத்து. புள்ளியும் ஏனை உயிர்க்குறிகளும் அதன்பின் தனியே நிற்பன. இக்கரணியத்தால் ‘செப்பேட’ என்று தட்டினால் செப்பேடும் செப்பேட்டிலும் ஒருங்கே கிடைக்கும். முழுச்சொல்லையே ஒப்பிடும் பொறியிடம் இது செல்லாது. அங்கே ஒவ்வொரு வடிவாக இட்டுப் பார்த்தலே வழி.

நூற்பக்கங்களைப் படமாக மட்டும் வைத்துள்ள தளங்களில் உள்ளிருக்கும் சொல் அகப்படாது. நூற்பெயரும் ஆசிரியர் பெயருமே அகப்படும். அங்கே ‘பல்லவர் வரலாறு’ என்று தேடி, மா. இராசமாணிக்கனாரின் நூலைத் திறந்து, பொருளடக்கத்தைப் பார்க்க வேண்டும். இராசமாணிக்கனாரா, ராஜமாணிக்கனாரா, இராசமாணிக்கமா என்பது அட்டவணை எழுதியவர் கையில் உள்ளது.

இங்கேதான் நம்மவர்க்கு இடர். தனித்தமிழன்பர் ஒருவர், “தேடுதற்கும் வடவெழுத்தைத் தொடேன்” என்று என்னிடம் சூளுரைத்தார். அவர் உறுதியை மதிக்கிறேன்; முடிவை ஏற்கேன். மறைமலையடிகள் 1902-இல் தொடங்கிய இதழின் பெயர் ஞானசாகரம். அறிவுக்கடல் என்பது பின்னர் அவரே மாற்றியமைத்த பெயர். அடிகளின் பெயரே முன்பு வேதாசலம். அறிவுக்கடல் என்று மட்டும் தேடுபவர் அவ்விதழின் முதலாண்டுகளைக் காணாமலே, ‘தமிழர் எதையும் காத்துவைக்கவில்லை’ என்று பழிப்பார். அடிகளைத் தேட அடிகள் துறந்த பெயரையும் தட்டத்தான் வேண்டும். பரமேச்சுரவர்மன் என்று நான் எழுதுவேன்; தேடும்போது பரமேசுவரவர்மன், பரமேஸ்வரவர்மன் இரண்டையும் இடுவேன். உத்திரமேரூரை உத்தரமேரூர் என்றும் தேடுவேன். தேடற்சொல் நம் நடையன்று. பிறர் பூட்டிய பூட்டுக்கு நாம் செய்யும் திறவுகோல். நாம் எழுதும் பக்கத்தில் நம் தமிழே நிற்கட்டும். அவ்வாறு எழுதுவோர் பெருகாதவரை, அருந்தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடுபவர்க்கு வெற்றுப்பக்கமே விடையாகும். அந்தக் குறைக்குப் பொறியை வைவதில் பொருளில்லை.

அம்மாணவியை மறுபடியும் அமர்த்தினேன். இம்முறை கூகுளில், மேற்கோட்குறிக்குள் “கூரம் செப்பேடு” என்று இட்டாள். சொற்கள் அடுத்தடுத்து நிற்கும் பக்கங்களே வந்தன. பிறகு “கூரச் செப்பேடு” என்று, வல்லெழுத்து மிகுந்த வடிவையும் இட்டாள். வேறு சில வந்தன. ஊர்ப்பெயரை மட்டும் இட்டபோது கூரத்தாழ்வான் பக்கங்கள் நிறைந்தன. அவரும் நம்மூரார்தாம், ஆயினும் அன்றைய தேவை அவரன்று. முன்னே கழித்தற்குறியிட்டு ‘-கூரத்தாழ்வான்’ என்று சேர்த்ததும் விலகினார்.

நீர்ப்பாசனம் பற்றித் தேடுகையில் ‘கால்வாய்’ என்றே தட்டிக்கொண்டிருந்தாள். செப்பேட்டுத் தமிழில் அது வெறும் ‘கால்’ என்றேன். பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு கால் அப்போதுதான் அவள் கண்ணிற்பட்டது.

“அந்தக் கால் இப்போது எங்கே ஓடுகிறது ஐயா?” என்றாள். வரும் காரிக்கிழமை அவளோடு வேறு சில பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகவிருக்கிறேன்.